துப்பாக்கியின் பூவேலை

துப்பாக்கி என்று நாம் வழங்கும் சொல் துருக்கியரின் ‘துஃபெக்’ என்ற சொல்லோடு உறவுடையது. அரபியர் அதனைப் ‘புந்துகிய்யா’ என்பர். உருது பேசுவோர் ‘பந்தூக்’ என்பர். இவற்றின் வேரில் கிடக்கும் ‘புந்துக்’ என்பது ஒருவகைக் கொட்டையின் பெயர். அக்கொட்டையளவில் உருட்டிக் காயவைத்து வில்லில் வைத்து எறிந்த மண்ணுருண்டைக்கும் அதுவே பெயராயிற்று. வெடிமருந்து அரபு நாட்டை எட்டுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் ஃபிக்ஹு நூல்களில் ‘புந்துகா’ பற்றிய மஸ்அலா வந்துவிட்டது. உருண்டை பட்டுச் செத்த பறவை அடிபட்டுச் செத்த ‘மவ்கூதா’வே என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் கூறியதை இமாம் புகாரி பதிவு செய்திருக்கிறார்கள். கூரிய முனை கிழித்தால் ஒரு சட்டம். மொத்தையான பொருள் மோதினால் வேறொரு சட்டம். நம் பாட்டன்மார் வேட்டைக்குப் போகையில் தோளில் துப்பாக்கியும் இடுப்பில் கத்தியுமாகப் போனதும், பறவை விழுந்தவுடன் உயிர் பிரியுமுன் ‘பிஸ்மில்லாஹ்’ சொல்லி அறுப்பதற்கு ஆளை ஓடவிட்டதும் இந்த மஸ்அலாவினால்தான்.

அந்த வேட்டை இன்றில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்னர் அதில் வந்த திருத்தங்களும் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தன. அது நல்லதே. ஆனால் துப்பாக்கிகள் எஞ்சிவிட்டன. இலங்கையிலும் பர்மாவிலும் மலாயாவிலும் வணிகம் செய்து திரும்பியவர்களின் வீடுகளிலும், மிராசுதார்களின் வீடுகளிலும், உரிமச் சீட்டோடு ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி பெட்டிக்குள் உறங்கிக்கொண்டிருக்கும். சுடுவதற்கு அதனால் இனிப் பயனில்லை. பார்ப்பதற்கு உண்டா? உண்டு என்பதே என் எண்ணம். கையெழுத்துக் கிதாபை விரித்துப் பார்க்கிறவன் எழுதியவனின் கையைப் பார்ப்பதுபோல, நூறாண்டுக்கு முந்திய நல்ல துப்பாக்கியைப் பார்க்கிறவன் அதைச் செய்தவனின் கையைப் பார்க்கலாம். கொல்லும் கருவியில் அழகு தேடலாமா என்று கேட்போர் உளர். வாளில் தேடியவர்கள்தாமே நாம்!

முதலில் குழலைப் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நல்ல துப்பாக்கிகள் பலவற்றில் குழலின் மேல் நீரலைபோலவும் சுருள் மயிர்போலவும் ஒரு கோலம் ஓடும். அதனை ‘டமாஸ்கஸ்’ குழல் என்பார்கள். பெயரைக் கேட்டவுடன் அது ஷாம் நாட்டிலிருந்து வந்த இரும்பு என்று எண்ணிவிடக் கூடாது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரிலும், பெல்ஜியத்தில் லியேஜ் நகரையடுத்த வெஸ்துர் ஆற்றுப் பள்ளத்தாக்குச் சிற்றூர்களிலும் அடிக்கப்பட்டவை. துருக்கிய நாட்டுக் குழல்களின் அழகைக் கண்டு ஐரோப்பியர் கற்ற வித்தை அது.

வித்தை இன்னதென்று சொல்கிறேன். இரும்பையும் எஃகையும் மெல்லிய சட்டங்களாக மாற்றி மாற்றி அடுக்கி, உலையிலிட்டு ஒன்றாக அடித்து, விரல் பருமனுள்ள சதுரக் கம்பியாக நீட்டுவார்கள். அக்கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையைக் கயிறு திரிப்பதுபோல் திரிப்பார்கள். இப்படித் திரித்த கம்பிகள் இரண்டு, மூன்று, சிலபோது நான்கைப் பக்கம் பக்கமாக வைத்து – ஒன்று வலப்புரி என்றால் அடுத்தது இடப்புரி – அடித்து நாடாவாக்குவார்கள். அந்த நாடாவை ஓர் இரும்புத் தண்டின் மேல் பாம்புபோல் சுற்றி, சுற்றுக்குச் சுற்று காய்ச்சி அடித்துப் பற்றவைத்தால் குழல் உருவாகும். பிறகு உள்ளே குடைந்து வெளியே அரம் போட்டுத் தேய்க்க, தொடக்கத்தில் இருந்த கனத்தில் பெரும்பகுதி தூளாகப் போய்விடும். ஆங்கிலேயர் இன்னொரு வகையும் செய்தார்கள்: குதிரை லாடத்திலிருந்து கழன்ற பழைய ஆணிகளைப் பொறுக்கி உருக்கிணைத்துச் செய்த குழல். பல்லாயிரம் காதம் கல்லிலும் மண்ணிலும் அடிபட்ட இரும்பு நன்றாகப் பதப்பட்டிருக்கும் என்பது அவர்கள் கணக்கு.

கோலம் வெளிப்படுவது எப்படி என்பதில்தான் வியப்பு. குழலைத் துருப்பிடிக்க வைப்பார்கள். அமிலக் கலவையை மெல்லப் பூசி, ஈரக்காற்றில் வைத்து, துரு ஏறியதும் கொதிநீரிலிட்டு, கம்பித் தூரிகையால் தேய்த்து, மீண்டும் பூசி, மீண்டும் துருவேற்றி, இப்படிப் பல நாள். இரும்பும் எஃகும் ஒரே அளவில் நிறம் ஏற்பதில்லை. ஒன்று கூட, ஒன்று குறைய ஏற்கும். அந்த வேறுபாடே கோலம். ஆகவே நாம் கண்டு வியக்கும் அந்தப் பழுப்பழகு எல்லாம், அடக்கி ஆளப்பட்ட துருவேயன்றி வேறில்லை. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகர்களை வேண்டுகிறேன், பின்னால் தேவைப்படும்.

திமிஷ்கு என்ற பெயர் மட்டும் எங்கிருந்து வந்தது? அது வாளிலிருந்து வந்தது. வாளின் நீரோட்டம் வேறு. குழலின் கோலம் வேறு. வாளில் காணப்படுவது மூசையில் உருக்கிய எஃகு ஆறும்போது தன்னுள்ளே தானே கொண்ட வரி; குழலில் காணப்படுவது மனிதன் திரித்த வரி. முன்னதை அரபியர் ‘ஃபிரிந்த்’ என்றும் ‘ஜவ்ஹர்’ என்றும் அழைத்தனர். தத்துவமேதை அல்கிந்தி, கலீஃபா முஃதஸிமின் காலத்தில் வாள்களைப் பற்றி ஒரு ரிஸாலா எழுதினார். அதில் ஃபிரிந்தைக் கொண்டு வாளின் இனம் காணும் முறையை விரிவாகச் சொல்லி, ஸரந்தீப் எஃகையும் குறிப்பிடுகிறார். ‘முஹன்னத்’ என்றால் இந்திய வாள். கஃபு இப்னு ஸுஹைர் (ரலி) அவர்கள் ‘பானத் ஸுஆத்’ கஸீதாவில் நபி (ஸல்) அவர்களை ஒப்பிட்டது இந்த முஹன்னத் வாளுக்குத்தான். அவ்வாளுக்குரிய எஃகின் ஒரு பங்கு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உருகியது. பர்மிங்காம் கொல்லன் அறியாமல் சூடிக்கொண்ட பெயருக்குள் நம் நாட்டு உலையின் புகையும் கொஞ்சம் இருக்கிறது.

இராமநாதபுரம் கடற்கரை ஊர் ஒன்றில், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டிலிருந்து என்னை அழைத்தார்கள். “ஆலிம்சா, எங்க வாப்பாவோட வாப்பா கொழும்பிலேர்ந்து கொண்டு வந்த துப்பாக்கியில அரபு எழுத்து இருக்கு. கலிமான்னு உம்மா சொல்றாங்க. வாசிச்சுச் சொல்லணும்” என்றார் உரிமம் வைத்திருந்த இளைஞர். பச்சைத் துணியில் சுற்றி, அலமாரியின் மேல்தட்டில், ஓதும் கிதாபுகளுக்குச் சமமாக அதனை வைத்திருந்தார்கள். கதவுக்கு அப்பாலிருந்து அந்த மூதாட்டியின் குரல் வந்தது: “நாப்பது வருஷமா ஒளு இல்லாம அதைத் தொட்டதில்லை, ஆலிம்சா.”

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நல்ல பர்மிங்காம் குழல். மூன்று கம்பித் திரிப்பு. சுருள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஓடின. ஹா எழுத்தின் கண்போலச் சில. வாவின் வால்போலச் சில. ஓர் இடத்தில் மீமும் ஹாவும் சேர்ந்தாற்போல ஒரு தோற்றம்; யார் சொல்லியிருந்தாலும் நம்பத்தான் செய்வார்கள். ஆனால் எழுத்து இல்லை. குழலை விட்டத்தின் கீழ்ப்புறம் திருப்பியபோது முத்திரைகள் தெரிந்தன. இங்கிலாந்தில் குழல் ஒவ்வொன்றையும் அளவுக்கு மிஞ்சிய மருந்திட்டு வெடித்துச் சோதித்து முத்திரையிட வேண்டும் என்பது சட்டம். பர்மிங்காமில் அதற்கென்று 1813 முதல் தனி நிலையம் உண்டு. அந்த முத்திரைகளோடு ‘நாட் ஃபார் பால்’ என்ற சொற்களும் இருந்தன. வாய்ப்புறம் ஒடுக்கிய குழலில் முழுக்குண்டு போடக் கூடாது, ஈய ரவை மட்டுமே போடலாம் என்பது அதன் பொருள். 1875 முதல் 1887 வரைதான் இந்தச் சொற்களை அடித்தார்கள். ஆக, துப்பாக்கியின் வயது தெரிந்துவிட்டது. கலிமா மட்டும் இல்லை.

அதைச் சொல்வதா விடுவதா? அம்மையாரின் அதபில் குறையில்லை. அதற்குரிய பொருள்தான் அங்கில்லை. ஓதாத எழுத்தை ஓதியதாகச் சொல்லும் உரிமை ஓதியவனுக்குக் கிடையாது. சொன்னேன். இரும்பைத் திரித்த கதை முழுவதையும் கதவுக்கு அப்பால் கேட்கும்படி சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “அத்தனை தரம் காய்ச்சி அடிச்சாங்களா?” என்று மட்டும் கேட்டார்.

இனிப் பூவேலைக்கு வருவோம். குதிரையும் விசையும் அமைந்த எந்திரப் பகுதியின் இருபுறமும் பூட்டுத் தகடுகள் உண்டு. வேலையெல்லாம் பெரும்பாலும் அவற்றிலும், குழல் மடங்கித் திறக்கும் உடற்பகுதியிலும் இருக்கும். ஆங்கிலேயரின் மரபு, மிகச் சிறிய சுருள்கொடிகளை நெருக்கமாகச் செதுக்கி, இடையிடையே ரோஜாக் கொத்து வைப்பது. லண்டனில் ஜோசப் மாண்டன் இரட்டைக்குழலின் வடிவத்தைச் செம்மைப்படுத்தினார். அவரிடம் வேலை பார்த்த ஜேம்ஸ் பர்டே 1814-இல் தனிக்கடை வைத்தார். அக்கடையின் பெயரோடு இந்த ரோஜாவும் சுருளும் இணைந்தே பேசப்படுகின்றன. சுருள் நாணயத்தின் ஓரக்கீற்றுப்போல் நுண்மையாக இருக்கும். கையளவு தூரத்தில் அது பூவேலையாகத் தெரியாது. எஃகின் மேல் பனி படர்ந்தாற்போல் ஒரு மங்கல் ஒளி தெரியும். கண்ணருகே கொண்டு வந்தால்தான் கொடி கொடியாகப் பிரியும். வெறும் அலங்காரம் என்று தள்ள வேண்டாம். மழமழத்த எஃகு வெயிலில் கண்ணைப் பறிக்கும், பறவையையும் வெருட்டும். கீறல்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன, எண்ணெயைப் பிடித்துக்கொள்கின்றன, கைபட்டு வரும் சிறு தேய்வை மறைக்கின்றன.

நல்ல வேலையைக் கண்டுகொள்ள எனக்குத் தெரிந்த எளிய வழி திருகாணிகளைப் பார்ப்பது. நல்ல துப்பாக்கியில் திருகாணித் தலைகளின் பள்ளங்கள் எல்லாம் தொழுகை ஸஃப்புபோல் ஒரே திசையில், துப்பாக்கியின் நீளவாக்கில் நிற்கும். தகட்டில் ஓடும் கொடி திருகாணியின் தலைமேல் ஏறி, மறுபுறம் இறங்கி, இடையறாமல் போகும். திருகாணியை அதனிடத்தில் முடுக்கி வைத்துக்கொண்டே செதுக்கினால்தான் இது வரும். பிற்காலத்தில் யாரேனும் பொருந்தாத கருவியால் கழற்றி மாட்டியிருந்தால் கொடி அங்கே முறிந்து நிற்கும். பள்ளத்தின் விளிம்பும் பிய்ந்திருக்கும். மலிவான துப்பாக்கிகளிலோ உருளையால் அழுத்திய பூவேலை இருக்கும். கோடுகளுக்கு ஆழம் இராது, உயிரும் இராது. சிலவற்றில் டமாஸ்கஸ் கோலமே பொய்! சாதாரணக் குழலின் மேல் அமிலத்தால் ஒட்டுவேலை செய்திருப்பார்கள். முன்கட்டையைக் கழற்றி, மறைந்திருக்கும் அடிப்பகுதியைப் பாருங்கள். மெய்யான கோலம் அங்கும் தொடரும்.

நாயும் கௌதாரியும் வாத்தும் செதுக்கும் வழக்கமும் பெருகியது. உருவம் பற்றிய நம் மார்க்கக் கருத்தை ஒருபுறம் வைத்தாலும், கலைக்கண் கொண்டு பார்த்தே சொல்கிறேன்: பெரும்பாலான நாய்கள் ஆட்டுக்குட்டியின் முகத்தோடு நிற்கின்றன. உருவத்தில் சிறிய பிழையும் சிரிப்பை வரவழைத்துவிடும். கொடியில் கை சற்று விலகினால் அதுவே அடுத்த வளைவாகிவிடும். முடிவில்லாமல் சுருளும் கொடிவேலைக்கு ஐரோப்பியர் அரபியரின் பெயரையே சூட்டி ‘அரபெஸ்க்’ என்றழைப்பது பொருத்தமானதே.

பொன் பதிப்பு வேறு உண்டு. இமாம் நவவி ‘மின்ஹாஜ்’ நூலில், ஸகாத் பாடத்தில், ஆணுக்கு வெள்ளியில் எது ஆகும் என்று சொல்லும்போது மோதிரத்தையும், வாள், ஈட்டி முதலிய போர்க் கருவிகளின் அணியையும் அனுமதிக்கிறார்கள். சேணத்துக்கும் கடிவாளத்துக்கும் ஆகாது என்பதே ஏற்றமான கருத்து என்கிறார்கள். பொன்னுக்கு அந்த இடம் இல்லை. நபி (ஸல்) அவர்களின் வாட்பிடியின் முனை வெள்ளியாக இருந்தது என்ற செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் வந்திருக்கிறது. வேட்டைத் துப்பாக்கி வாளின் வரிசையில் சேருமா, சேணத்தின் வரிசையில் சேருமா? ஓதிக்கொடுக்கும் மாணவர்களிடம் இதனைக் கேட்டு விவாதிக்கவிட்டு, நான் ஒதுங்கி அமர்ந்து ரசிப்பதுண்டு.

வெள்ளிப் பதிப்பின் பேரழகு நம் பக்கத்திலேயே இருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் நடத்திய ஆயுதச்சாலையில் தீக்கல் துப்பாக்கிகள் செய்தார்கள். அவற்றில் இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கிகளும் அடங்கும். புலிவரி அவற்றின் அடையாளம். ‘அஸதுல்லாஹில் காலிப்’ என்ற சொற்களை, ஹைதர் என்ற அலீ (ரலி) அவர்களின் நினைவோடு, புலிமுகமாகத் தோன்றும்படி வளைத்து எழுதிய முத்திரையும் அவருடைய ஆயுதங்களில் உண்டு. ஆண்டுகளோ ‘மவ்லூதி’ கணக்கு. எண்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். 1222 என்றிருப்பதை அறியாதவர் 2221 என்று படித்துத் திகைப்பார். 1799 மே 4-ஆம் நாள் கோட்டை வீழ்ந்தபின் அவற்றில் பல இங்கிலாந்துக்குப் போயின. பர்மிங்காம் குழலில் இல்லாத எழுத்தை அந்த மூதாட்டி தேடினார். எழுத்து இருந்த குழல்கள் நம்மிடம் இல்லாமற் போயின.

ஒன்றைக் கவனித்திருக்கிறேன். துப்பாக்கியின் மேல் கடைக்காரரின் பெயர் பளிச்சென்று இருக்கும். செதுக்கியவன் பெயர் பெரும்பாலும் இராது. நம் அரபுத்தமிழ்க் கிதாபுகளைப் படியெடுத்தவர்கள் கடைசி ஏட்டில் தம் பெயரை எழுதி, துஆச் செய்யுமாறு வேண்டிக்கொள்வார்கள். உளி பிடித்தவனுக்கு அந்த இடமும் கிடைக்கவில்லை.

கட்டையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி மேலே செல்கிறேன். அக்ரூட் மரம், ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் வாரக்கணக்கில் தேய்த்து ஏற்றிய மினுமினுப்பு. வார்னிஷ் கண்ணாடிபோல் மேலே நிற்கும். எண்ணெய் மரத்துக்குள்ளே நின்று ஒளிரும். பிடியில் சாய்சதுரமாகக் கீறிய கோடுகள் கைக்கு வழுக்காமலிருக்க.

எந்திரப் பகுதியின் நிறத்தை மட்டும் விளக்க வேண்டும். இரும்பு மெதுவாக இருக்கும்போதே செதுக்கி முடித்துவிடுவார்கள். பிறகு எலும்புக் கரியும் தோல் கரியும் நிரப்பிய இரும்புப் பெட்டியில் புதைத்து, நெடுநேரம் பழுக்கக் காய்ச்சி, சட்டென்று நீரில் கொட்டுவார்கள். மேற்புறம் மட்டும் கரியை உண்டு கண்ணாடியாகக் கெட்டிப்படும். உள்ளே மென்மை நீடிக்கும். அப்போது மேலே நீலமும் வைக்கோல் மஞ்சளும் பழுப்பும் புறாக்கழுத்துப்போல் படரும். அது பூசிய வண்ணமன்று. தாளினும் மெல்லிய தோல். கைபடும் இடங்களில் தேய்ந்து வெள்ளியாகும். விசைக்கூட்டின் பின்புறம், குதிரைகளின் இடுக்கு ஆகியவற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும். பழைய துப்பாக்கியை அறிந்தவர்கள் முதலில் அந்த இடுக்குகளைத்தான் பார்ப்பார்கள்.

அந்த வீட்டு இளைஞர் விடைபெறும்போது தம் உள்ளக்கருத்தைச் சொன்னார். உரிமம் புதுப்பிக்கும் முன் துப்பாக்கியைப் ‘புதுசாக்க’ வேண்டுமாம். பாலிஷ் சக்கரத்தில் கொடுத்து, நிக்கல் முலாம் பூசித் தர ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறாராம். இடப்புறத் தகட்டை அவருடைய வாப்பா காலத்திலேயே எவரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார்கள். நான் சன்னலோரம் துப்பாக்கியைக் கொண்டுபோய் இரு தகடுகளையும் மாறி மாறிக் காட்டினேன். வலப்புறத்தில் சுருள் ஒவ்வொன்றின் விளிம்பும் கூராக நின்றது. விரல் நுனியை மெல்ல ஓட்டினால் உரசல் தெரிந்தது. மூலையில் கொஞ்சம் நீலம் இருந்தது. இடப்புறம் பளபளத்தது, ஆனால் ரோஜாவின் இதழ்கள் ஒன்றோடொன்று கரைந்து, சப்பிப்போட்ட மிட்டாய்போல் இருந்தன.

“மறுபடி செதுக்க முடியாதா, ஆலிம்சா?”

“முடியும் தம்பி. கெட்டிப்பட்ட மேல்தோலில் உளி ஏறாது. முதலில் காய்ச்சி இளக்கணும். அப்புறம் செதுக்கி, மறுபடி கெட்டிப்படுத்தணும். அதற்குள் இருக்கிற பழைய வேலையும் போய்விடும். குழலைச் சக்கரத்தில் வைத்தால் கோலமே போய்விடும். அது துருவால் வந்தது. துருவைத் துடைத்தால் அதுவும் சேர்ந்து போகும்.”

இன்னொன்றையும் சொல்லி வைத்தேன். இத்தகைய குழல்கள் கருமருந்துக்குச் சோதிக்கப்பட்டவை. இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவை அவற்றில் போடுவது கையையும் கண்ணையும் பணயம் வைப்பதாகும். தேய்க்கத் தேய்க்கக் குழலின் கனமும் குறையும். இந்தக் காரணம்தான் அவருக்கு மற்றவற்றைவிட உறைத்தது போலும். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தார்கள்.

முலாம் பூசும் பேச்சு அத்தோடு நின்றது. மெல்லிய எண்ணெய் தடவிய பழைய மல்துணியால் துடைத்து, குதிரைகளை இறக்கி, மூதாட்டியிடம் கொடுத்தார்கள். அவர் அதைப் பச்சைத் துணியில் சுற்றினார். மேல்தட்டில் கிதாபுகளோடு வைக்கவில்லை. கீழே, மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். பிறகு வலப்புறத் தகட்டில் விரலோட்டிப் பார்க்கத் தமக்கும் காட்டியிருக்கலாமே என்று பேரனைக் கடிந்துகொண்டு, பெட்டியை மறுபடி திறக்கச் சொன்னார்.